பென் டிரைவைச் செருகினால் பழைய லேப்டாப் வேகமெடுக்குமா?

வில்லிவாக்கத்தில் இருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். வீட்டில் இருப்பது எட்டு வருடப் பழைய லேப்டாப்: 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் கைக்கு வர ஏழெட்டு நிமிடம் ஆகிறது. எக்செலைத் திறந்து வைத்துக்கொண்டு குரோமில் நாலு டேப் போட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. அலுவலக நண்பர் ஒருவர், "32 ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்கிச் செருகி ரெடிபூஸ்ட் போட்டுவிடுங்கள். அது ரேம் மாதிரி வேலை செய்யும். புது லேப்டாப் செலவே மிச்சம்" என்று சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

இதற்கென்று பென் டிரைவ் வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஒன்று சும்மா கிடந்தால் ஒரு நாள் போட்டுப் பாருங்கள், கெடுதல் ஒன்றும் வராது. ஆனால் உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு போனால்தான் உங்கள் லேப்டாப்புக்கான சரியான மருந்தும் கிடைக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சென்னையில் இருபது வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்பை "ஸ்லோ ஆயிடுச்சு" என்று பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட்டு, கடன் வாங்கிப் புதியது வாங்கும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அது எனக்கு இன்னும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

முதலில், அது ஏன் மெதுவாக இருக்கிறது? என் மேசை மேல் செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்றை மூடி கழற்றி வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. உள்ளே முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் வட்டத்தகடு. அதன் மேல் படாமல், மயிரிழை இடைவெளியில் நிற்கும் ஒரு மெல்லிய கை. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கில் அந்தத் தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு சுமார் 11 மில்லிவினாடி. வேண்டிய தகவல் கையின் கீழ் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதாவது ஐந்தரை மில்லிவினாடி. அதற்கு முன் கை சரியான வளையத்துக்கு நகர வேண்டும், அதற்குப் பத்து மில்லிவினாடி அளவில் ஆகும். ஆக ஒரு துண்டுத் தகவலை எடுக்கப் பதினைந்து மில்லிவினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடிக்கு அறுபது, எழுபது துண்டுகள். அவ்வளவுதான்.

மளிகைக் கடைக்குப் போகிற மாதிரிதான். மாதச் சாமான் மொத்தத்தையும் ஒரே பையில் வாங்கி வந்தால் ஒரு நடையில் முடிந்துவிடும். கடுகுக்கு ஒரு நடை, சீரகத்துக்கு ஒரு நடை, பெருங்காயத்துக்கு ஒரு நடை என்று அலைந்தால் பொழுது அதிலேயே போய்விடும். ஒரு பெரிய வீடியோ ஃபைலை காப்பி செய்யும்போது இதே ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி கொடுக்கும், ஏனென்றால் அது ஒரே நடை. ஆனால் விண்டோஸ் ஆன் ஆகும்போது கேட்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள், பல சமயம் ஒவ்வொன்றும் 4 கேபி. எழுபது துண்டு எடுத்தால் 280 கேபி. வினாடிக்கு அவ்வளவுதான் வருகிறது என்றால் ஏழெட்டு நிமிடம் எங்கே போகிறது என்று உங்களுக்கே புரியும்.

இதோடு ரேம் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது. 4 ஜிபி ரேமில் விண்டோஸும் ஆன்டிவைரஸும் உட்கார்ந்த பிறகு மீதி இருக்கும் இடம் குரோமுக்கே போதாது. ரேம் நிறைந்ததும் விண்டோஸ் என்ன செய்யும்? உடனடியாகத் தேவைப்படாததை ஹார்ட் டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற இடத்தில் இறக்கி வைக்கும், தேவைப்படும்போது திரும்ப ஏற்றும். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் தலையில் இன்னொரு மூட்டை. எக்செலும் குரோமும் சேர்ந்தால் உங்கள் சிஸ்டம் நின்றுபோவது இதனால்தான்.

சரி, ரெடிபூஸ்ட்டுக்கு வருவோம். அது 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. அப்போது வீட்டு கம்ப்யூட்டர்களில் 512 எம்பி, மிஞ்சிப்போனால் 1 ஜிபி ரேம் இருந்த காலம். விஸ்டாவோ அந்த அளவுக்கு அடங்காத பசி கொண்டது. மைக்ரோசாஃப்ட் யோசித்தது நல்ல யோசனைதான்: பென் டிரைவில் இருப்பது ஃபிளாஷ் மெமரி. அதில் சுற்றும் தகடும் இல்லை, நகரும் கையும் இல்லை. எந்த மூலையில் இருக்கும் தகவலையும் ஒன்றிரண்டு மில்லிவினாடிக்குள் எடுத்துவிடலாம். அப்படியானால் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் சின்னத் துண்டுகளுக்கு ஒரு நகலைப் பென் டிரைவில் போட்டு வைப்போம். கடுகும் சீரகமும் கேட்டால் அங்கிருந்து கொடுப்போம். அரிசி மூட்டை கேட்டால் ஹார்ட் டிஸ்க்கையே அனுப்புவோம். இதுதான் ரெடிபூஸ்ட்.

பென் டிரைவில் இருப்பது நகல் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். அசல் எப்போதும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். அதனால்தான் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பென் டிரைவைப் பிடுங்கினாலும் எதுவும் அழியாது, சிஸ்டம் பழைய வேகத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான். அந்த நகலைச் சுருக்கி, ஏஇஎஸ் 128 பிட் பூட்டுப் போட்டுத்தான் எழுதுகிறது. பென் டிரைவ் தொலைந்தாலும் அடுத்தவர் அதைப் படிக்க முடியாது. கவனமாகச் செய்த வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "ரேம் மாதிரி" என்று உங்கள் நண்பர் சொன்னாரே, அந்த இடத்தில்தான் தவறு. ரேம் என்பது எக்செலும் குரோமும் உட்கார்ந்து வேலை செய்கிற மேசை. பென் டிரைவால் அந்த மேசையைப் பெரிதாக்க முடியாது. அலமாரிக்கு, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு வைக்கிறது, அவ்வளவுதான். வேகத்திலும் பாருங்கள்: சாதாரண டிடிஆர்3 1600 ரேம் ஒன்றால் வினாடிக்கு 12.8 ஜிபி வரை கடத்த முடியும். யூஎஸ்பி 2.0 துளையில் செருகிய பென் டிரைவ் நடைமுறையில் வினாடிக்கு 30 எம்பி தாண்டினால் பெரிய விஷயம். நானூறு மடங்கு வித்தியாசம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் மட்டும் பென் டிரைவுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. ரெடிபூஸ்ட்டுக்குத் தகுதி பெற ஒரு பென் டிரைவ் 4 கேபி துண்டுகளை வினாடிக்கு 2.5 எம்பி வேகத்தில் படித்துக் கொடுக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரம்பு வைத்திருந்தது. கணக்குப் பார்த்தால் வினாடிக்கு அறுநூற்றுச் சொச்சம் துண்டுகள். ஹார்ட் டிஸ்க்கின் எழுபதோடு வைத்துப் பாருங்கள். நண்பர் சொன்னதில் பாதி உண்மை என்றேனே, அது இதுதான். 1 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினில் ரெடிபூஸ்ட் போட்டால் புரோகிராம்கள் கொஞ்சம் சுருக்காகத் திறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், நானே பார்த்திருக்கிறேன். 2 ஜிபி, 4 ஜிபி என்று ரேம் ஏற ஏற அந்த வித்தியாசம் கரைந்துவிடும். காரணம், அதே நகல் வேலையை விண்டோஸ் ரேமிலேயே செய்துகொள்கிறது.

இன்னொரு சிக்கல், படிப்பதில் அல்ல, எழுதுவதில் இருக்கிறது. ஃபிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்தவர் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா. 1980-களில் அவர் இதைக் கொண்டுவந்தபோது ஃபிளாஷ் என்று பெயர் வைத்தது, தகவல் அழியும் விதம் கேமரா ஃபிளாஷ் மின்னுவது போல இருக்கிறது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னதால்தான். அதாவது ஒரு பெரிய கட்டம் முழுவதையும் ஒரே வீச்சில்தான் அழிக்க முடியும். கட்டத்துக்குள் நாலு வரியை மட்டும் திருத்த வேண்டும் என்றால், மற்றதை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றி, கட்டத்தை அழித்து, புதிதாக எழுத வேண்டும். மலிவான பென் டிரைவில் இந்த நிர்வாகத்தைப் பார்க்கும் சிப் ரொம்பச் சாதாரணமானது. ரெடிபூஸ்ட் நகல்களைச் சின்னச் சின்னதாக நிறைய எழுதச் சொன்னால் திணறிப்போய்விடும். அதோடு, ஒவ்வொரு கட்டத்தையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஆயுள் கணக்கும் உண்டு.

போட்டுப் பார்க்க ஆசை இருந்தால் வழி சுலபம். பென் டிரைவில் இருப்பதை வேறெங்காவது காப்பி செய்துவிட்டு, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32-இல் விட்டால் 4 ஜிபிக்கு மேல் ஒதுக்க முடியாது. மை கம்ப்யூட்டரில் (விண்டோஸ் 10-இல் 'திஸ் பிசி') அதன் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ரெடிபூஸ்ட் என்ற டேப். அங்கே எவ்வளவு இடம் என்று நகர்த்தி வைத்து ஓகே கொடுத்தால் வேலை முடிந்தது. விஸ்டாவில் 4 ஜிபி வரைதான் ஒதுக்க முடிந்தது. விண்டோஸ் 7-இல் இருந்து ஒரு டிரைவில் 32 ஜிபி வரை, எட்டு டிரைவ் வரை என்று விரித்தார்கள். எட்டு எல்லாம் யாருக்கும் வேண்டாம். ரேம் அளவுக்குச் சமமாகவோ இரண்டு மடங்காகவோ ஒதுக்கினால் போதும். இரண்டு மூன்று நாள் வழக்கம் போல வேலை செய்துவிட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். இந்தக் கம்ப்யூட்டரே போதுமான வேகத்தில் இருக்கிறது, ரெடிபூஸ்ட்டால் கூடுதல் பயன் இருக்காது என்ற பொருளில் ஒரு செய்தி வந்தால், உள்ளே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுற்றும் தகடு இல்லாத எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

வாங்கத்தான் போகிறேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நடைபாதையிலும் ஆன்லைனிலும் "2 டிபி பென் டிரைவ்" என்று சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். உள்ளே இருப்பது 8 ஜிபியோ 16 ஜிபியோதான். 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் சிப்பைத் திருத்தி வைத்திருப்பார்கள். எழுதும்போது எல்லாம் சரியாகப் போவது போலவே தெரியும். கொள்ளளவைத் தாண்டியதும் பழைய ஃபைல்கள் மேலேயே எழுத ஆரம்பிக்கும், அல்லது எழுதியதாகச் சொல்லிவிட்டு எழுதாது. பெரம்பூரில் ஒரு குடும்பம், மகனின் காதுகுத்துப் படங்கள் மொத்தத்தையும் இப்படி ஒன்றில் போட்டுவிட்டு, இடம் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் இருந்து அழித்தும்விட்டார்கள். என்னிடம் கொண்டுவந்தபோது ஃபைல் பெயர்கள் வரிசையாக இருந்தன, ஒன்றுகூடத் திறக்கவில்லை. அந்த அம்மா ஒன்றுமே பேசாமல் ஒவ்வொரு பெயராகக் கிளிக் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பென் டிரைவ் எங்கே வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் என்றால் எஃப்3. முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும்.

இப்போது உங்கள் லேப்டாப்பைப் பார்ப்போம். காசு செலவழிக்கும் முன் ஐந்து நிமிடம் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மென்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டே, படிக்கும் வேகம் மட்டும் வினாடிக்கு ஓர் எம்பி, இரண்டு எம்பி என்று நொண்டினால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான். மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேமும் கூட்டாளி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டும் சாதாரணமாக இருந்தும் சிஸ்டம் திணறுகிறதென்றால் சூடு காரணமாக இருக்கலாம். நம் ஊர் மே மாத வெயிலில், மெத்தை மேல் வைத்து வேலை பார்க்கும் லேப்டாப்பின் ஃபேனைக் கழற்றினால், வெப்பம் வெளியேறும் இடத்தில் தூசியும் பஞ்சும் சேர்ந்து கம்பளித் துண்டு போல அடைத்திருக்கும், இரண்டு விரலால் அப்படியே உரித்து எடுக்கலாம். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு ரேமும் வேண்டாம், எஸ்எஸ்டியும் வேண்டாம், சுத்தம் செய்து, பிராசஸர் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைத்தால் போதும்.

கூடவே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையை அது சொல்லும். நீலமாக 'குட்' என்றால் சரி. மஞ்சளாக 'காஷன்' என்று வந்தால், அதிலும் 05, சி5 என்ற வரிகளில் எண் இருந்தால், தகட்டில் பழுது விழ ஆரம்பித்துவிட்டது. அப்போது வேகத்தைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு, அன்றைக்கே மகளின் பாடங்கள், படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்குக் காப்பி செய்யுங்கள்.

மருந்து என்றேனே, அது எஸ்எஸ்டி. பென் டிரைவில் இருக்கும் அதே ஃபிளாஷ் மெமரிதான் எஸ்எஸ்டியிலும் இருக்கிறது. ஆனால் பல சிப்புகளில் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் செய்கிறது, நிர்வகிக்கும் சிப் திறமையானது, யூஎஸ்பி வழியாக இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா இணைப்பிலேயே நேராக உட்காருகிறது. முக்கியமாக, அது நகல் வைக்கும் தட்டு அல்ல. அலமாரியையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிறோம். ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு எழுபது துண்டு எடுத்தது என்றால் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் துண்டு எடுக்கும். ரேம் நிறைந்து பேஜ் ஃபைலுக்குப் போக வேண்டி வந்தாலும் முன்பு போல நின்றுபோகாது.

திருவல்லிக்கேணியில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. மேன்ஷனில் தங்கி வேலை தேடும் பையன்கள் விண்ணப்பம் போட அவரிடம்தான் வருவார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக கம்ப்யூட்டரை ஆன் செய்வார். பிறகு கடையைப் பெருக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்து உட்காரும்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி என்றால் வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். ஓர் ஞாயிற்றுக்கிழமை ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன், வேறெதுவும் மாற்றவில்லை. மறுநாள் காலை போன் வந்தது. "தம்பி, துடைப்பத்தை எடுக்கிறதுக்குள்ள ரெடியா நிக்குது" என்றார். அந்த மெஷின் இன்றைக்கும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் லேப்டாப்புக்குப் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். ஹார்ட் டிஸ்க்கும் அதே அளவு, அதே இணைப்பு, அதே ஸ்க்ரூ ஓட்டைகள். 7 மில்லிமீட்டர் தடிமனில் வரும். பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் ஆடாமல் இருக்கும். சில லேப்டாப்புகளில் பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளையும் இருக்கும். அதில் சாட்டா வகை, என்விஎம்இ வகை என்று இரண்டு உண்டு, பார்க்க ஒன்று போலவே இருக்கும். உங்கள் மாடல் எதை ஏற்கும் என்று தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். வினாடிக்கு 3500 எம்பி என்று என்விஎம்இ பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 550 எம்பி கொடுக்கும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் அதற்கும் எக்செல் திறப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. மகள் படிப்புக்கு 256 ஜிபி போதும்.

பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்றலாம். குளோனிங் என்பார்கள், குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள் உண்டு. ஆனால் எட்டு வருடம் ஓடிய சிஸ்டத்தில் என்னென்னவோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபைல்களை மட்டும் காப்பி செய்து வைத்துக்கொண்டு, எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் ஏற்றுவதையே நான் எப்போதும் சொல்வேன். ஒரு நாள் வேலை, பல வருட நிம்மதி.

எஸ்எஸ்டிக்கு அடுத்து ரேம். 4 ஜிபியை 8 ஆக்கினால் எக்செல், குரோம் சண்டை தீரும். லேப்டாப்பில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறதா, ஏற்கெனவே இருப்பது டிடிஆர்3எல்லா டிடிஆர்4-ஆ என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று பொருந்தாது, நடுவில் இருக்கும் வெட்டே வேறு இடத்தில் இருக்கும். சில மெல்லிய மாடல்களில் ரேமை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், அவற்றில் கூட்ட வழியில்லாமலும் போகலாம். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை என்றால் எஸ்எஸ்டியை முதலில் போடுங்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போங்கள். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம், மெட்ரோ என்றால் அரசினர் தோட்டம் நிலையம். முதலில் கேட்ட கடையிலேயே வாங்காமல் மூன்று நான்கு கடை ஏறி இறங்குங்கள். எஸ்எஸ்டி, ரேம் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. சீல் உடைக்காத பெட்டி, ஜிஎஸ்டி பில், எத்தனை வருட வாரண்டி, வாரண்டிக்குக் கடைக்கு வர வேண்டுமா, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா, இவ்வளவையும் கேட்டு வாங்குங்கள். மாட்டித் தருகிறோம் என்றால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கண்டிப்பாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், குடும்பப் படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஃபார்மேட் செய்துவிட்டோம் என்று யாராவது சொன்னாலும் திரும்ப எடுக்க வழி உண்டு. சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டால் பேக்கப் வைக்க வசதியாக இருக்கும், அதன் உடல்நிலை நன்றாக இருந்தால்.

பேக்கப் பற்றி இன்னொன்று. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் கட் கட் என்று சத்தம் போட்டு எச்சரிப்பதுண்டு. எஸ்எஸ்டி பல சமயம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மகளின் புராஜெக்ட் ஃபைல்கள் எப்போதும் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

விண்டோஸ் 10 பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸர், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் கேட்கும். உங்கள் லேப்டாப் எட்டு வருடப் பழையது என்பதால் எல்லையில் இருக்கிறது, ஏழாம் தலைமுறை என்றால் ஏற்காது. அப்போது லினக்ஸ் ஒரு வழி.

பென் டிரைவுக்கு உண்மையான வேலை இங்கேதான். 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, அதில் இருந்தே லேப்டாப்பை ஆன் செய்து, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே பயன்படுத்திப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா, தமிழ் தட்ட முடிகிறதா எல்லாம் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவை எடுத்துவிட்டால் பழையபடி விண்டோஸ். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான நம் தரமணி சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் இதே மாதிரி பார்க்கலாம், அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வாங்கிய பலர் அதை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ஆனால் மகள் பி.காம். படிப்பதால் டேலி கற்க வேண்டியிருக்கும். டேலி விண்டோஸில்தான் ஓடும். அதனால் கல்லூரி முடியும் வரை விண்டோஸை விட்டுவிட வேண்டாம்.

எஸ்எஸ்டி வாங்கும் வரை இலவசமாக இரண்டு வேலை செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்-அப் பக்கத்துக்குப் போய், ஆன் செய்ததும் தானாக எழும் தேவையில்லாத புரோகிராம்களை நிறுத்துங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு, விண்டோஸில் உள்ள டிஃபெண்டரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கே ஓரிரு நிமிடம் குறையும்.

லேப்டாப்பின் அடிப்பக்கம் மாடல் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அழிந்துபோயிருந்தால் ஸ்டார்ட் மெனுவில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் 'சிஸ்டம் மாடல்' என்ற வரியில் தெரியும். அதையும், டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்த ரேம், எந்த எஸ்எஸ்டி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதன் பிறகு ரிச்சி ஸ்ட்ரீட் போனால் போதும்.